கூரையும் பட்டாவும்

“வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்” என்று சொல்லி வைத்த பெரியவர் ஒரு விஷயத்தை மட்டும் விட்டுவிட்டார். கட்டுவதற்குப் பணம் கொடுப்பது யார் என்பதே அது. சர்க்கார் கொடுக்கும் என்று அவர் சொப்பனத்திலும் நினைத்திருக்க மாட்டார். இன்று கொடுக்கிறது. ஆனால் பழமொழியின் கஷ்டம் தீர்ந்தபாடில்லை.

2018-ம் வருஷம் நவம்பர் 16-ந் தேதியை ஆலங்குடிப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. விடியுமுன் வேதாரண்யத்துக்கு அருகே கரையேறிய கஜாப் புயல் புதுக்கோட்டை ஜில்லாவிலும் புகுந்தபோது, தென்னைகள் சாய்ந்தன. அவற்றின் கீற்றால் வேய்ந்த கூரைகளும் பறந்தன. வீடு என்பது ஆடம்பரமன்று, உயிர்க் காப்பு என்பதை அன்றிரவு நாம் கற்றுக்கொண்டோம்.

சர்க்காரின் உதவி இரு வழியாக வருகிறது. கிராமங்களுக்கு மத்திய சர்க்காரின் பிரதம மந்திரி வீட்டுத் திட்டம் 2016-ல் வந்தது. சமவெளியில் வீடு ஒன்றுக்கு ரூ.1,20,000 என்று வகுத்தார்கள். நமது ராஜ்ய சர்க்கார் 2024-ல் ‘கலைஞரின் கனவு இல்லம்’ என்று தொடங்கி, 2030-க்குள் எட்டு லட்சம் வீடுகள் என்று அறிவித்தது. வீட்டின் பரப்பு 360 சதுர அடி, அதில் 300 சதுர அடி கான்கிரீட் கூரை, தொகை ரூ.3,50,000.

ஆலங்குடியோ பேரூராட்சி. ஆகவே இங்கே குடியிருப்போர் நகர்ப்புறத் திட்டத்தைத்தான் நாட வேண்டும். 2024 செப்டம்பரில் அதன் இரண்டாம் பகுதி தொடங்கியது. கடன் வாங்கி முதல் வீடு கட்டுவோருக்கும் வாங்குவோருக்கும், கடனில் முதல் எட்டு லட்சத்துக்கு நூற்றுக்கு நான்கு வட்டி மானியம் உண்டு. ஐந்து வருஷத் தவணையில் மொத்தம் ரூ.1,80,000 வரை சேரும். குடும்ப வருமானம் வருஷத்துக்கு ஒன்பது லட்சத்துக்கு மேற்படக் கூடாது. தேசத்தில் எங்கும் சொந்தத்தில் கல்வீடு இருக்கக் கூடாது. மாதச் சம்பளக் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இது.

பழைய வீடுகளையும் மறக்கலாகாது. முன்பு சர்க்கார் கட்டிக் கொடுத்த வீடுகள் பலவற்றில் இன்று தளம் பெயர்ந்து தலையில் விழுகிறது. மழைநீர் கசிந்து உள்ளிருக்கும் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துரு பருத்துக் காரையைத் தள்ளுகிறது. அவ்வளவுதான் காரணம். ஆரம்பத்தில் அடைத்தால் ஒரு மூட்டை சிமெண்டோடு போகும். விட்டால் வீடே போகும். 2000-01-க்கு முன் கட்டிய கிராம வீடுகள் இரண்டரை லட்சத்தைச் சீர்திருத்த ரூ.2,000 கோடி என்று 2024-ல் அறிவித்தது நல்ல காரியமே.

இனிக் குறையைச் சொல்வோம். மானியம் வேலை நடக்க நடக்கத் தவணையாகத்தான் வருகிறது. அஸ்திவாரம் போட முதலில் கையில் காசு வேண்டும். கூலிக்காரக் குடும்பம் அதைக் கந்து வட்டிக்கு வாங்கினால், சர்க்கார் கொடுத்ததில் ஒரு பங்கு வட்டிக்காரன் வீட்டுக் கூரையாகிறது! அதனினும் பெரிது பட்டா. புறம்போக்கில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருப்பவனுக்குப் பட்டா இல்லை; பட்டா இல்லையேல் மானியம் இல்லை. யாருக்கு வீடு அதிகம் தேவையோ அவனே வாசற்படியில் நிற்கிறான். முதல் தவணையை முன்பணமாகவும், வீட்டுக்கு முன்னால் பட்டாவையும் கொடுப்பதே நியாயம் என்பது நம் அபிப்பிராயம்.

நேயர்களுக்கும் ஒரு கடமை உண்டு. ஆகஸ்டு 15-லும் காந்திஜி பிறந்த அக்டோபர் 2-லும் கிராம சபை கூடுகிறது. பயனாளிகளின் ஜாபிதாவைக் கேட்டுப் பார்க்க அதுவே இடம். படித்தவர்கள் அன்று விடுமுறை என்று வீட்டில் படுத்துவிடாமல், எழுதத் தெரியாத அண்டை வீட்டுக்காரருக்கு ஒரு மனு எழுதிக்கொண்டு உடன் போகலாம். கொடியேற்றி மிட்டாய் தின்பதைவிட அதுவே சுயராஜ்யத்துக்குச் செய்யும் நல்ல மரியாதை. அடுத்த புயல் பட்டாவைக் கேட்டுக்கொண்டு வரப் போவதில்லை.