மார்க் யார் பெயரில்?

வெளிநாட்டுக் கூட்டுக் கம்பெனியின் ஏஜென்சி எடுக்கும் நம்மவர்கள், யாருக்கு எத்தனை சதவிகிதப் பங்கு என்று விசாரிக்கிறார்கள். மார்க் யார் பெயரில் என்று கேட்பதில்லை.

சீனாவில் 1996-ல் பிரான்சு நாட்டு டானோன், வஹாஹா என்ற பானக் கம்பெனியுடன் கூட்டுச் சேர்ந்தது. பிறகு 51 சதவிகிதப் பங்கும் அதன் கைக்கு வந்தது. மார்க் மட்டும் கூட்டின் பெயருக்கு மாறவில்லை. ஊர் ஊராக மொத்த வியாபாரிகளிடம் டெபாசிட் வாங்கி, அதற்கு வட்டியும் கொடுத்துச் சரக்கு அனுப்பியவர் வஹாஹாவின் சோங் சிங்ஹோ.

கூட்டுக்கு வெளியே தனிக் கம்பெனிகள் வைத்து அதே மார்க்கில் சரக்குப் போடுகிறார் என்று டானோன் 2007-ல் வழக்குக்குப் போனது. அவர் செய்தது ஒரு பாகஸ்தருக்கு அழகல்ல என்பேன். ஆனால் வியாபாரிகள் அவர் பக்கமே நின்றார்கள். கொடுக்கல் வாங்கல் எல்லாம் அவரோடுதானே! 2009-ல் டானோன் தன் பங்கைச் சீனத் தரப்புக்கே விற்றுவிட்டுக் கூட்டை விட்டு விலகியது.