சனிக்கிழமைக் குடி

"நான் குடிகாரன் இல்லை ஐயா! வாரத்தில் ஒரே ஒரு நாள், சனிக்கிழமை மட்டும்தான்" என்று சொல்லிக்கொள்ளும் கனவான்களோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. தினமும் குடித்துத் தெருவில் விழுகிறவனைப் பழிக்கிறோம். சனிக்கிழமைக்காரருக்கோ நம் வீட்டுக் கூடத்தில் நாற்காலி போட்டு உபசரிக்கிறோம். இந்தப் பட்சபாதம் அநியாயம் என்பது என் கட்சி.

சென்னிமலைப் பக்கத்து நெசவாளி ஒருவர் பெருந்துறையில் எங்கள் வீட்டுக்குப் போர்வை கொண்டுவந்து தருவார். நல்ல மனிதர். சனிக்கிழமை கூலி வாங்கினால் அன்று ஒரு நாள் வயிறு முட்டக் குடிப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வலது கையை இடது கையால் தாங்கிக்கொண்டு வந்து நின்றார்.

"நாற்காலியிலயே தூங்கிப்போட்டனுங்க. எந்திரிச்சுப் பாத்தா கை தூக்க வரலீங்க."

மணிக்கட்டு வாடிய கீரைத் தண்டாய்த் தொங்கியது. டாக்டர் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார். மேல்கை எலும்பை ஒட்டி ஓடும் நரம்பு நாற்காலிச் சட்டத்தில் நசுங்கியிருக்கிறது. சாதாரணத் தூக்கமானால் கை மரத்ததும் புரண்டு படுத்திருப்பார்; போதையில் அந்த எச்சரிக்கை காதில் விழவில்லை. இதற்கு வைத்தியர்கள் வைத்திருக்கும் பெயரே 'சனிக்கிழமை இரவு வாதம்'! கை தேறி வர இரண்டு மாதம் ஆயிற்று. அதுவரை தறியில் உட்கார்ந்தவர் அவர் சம்சாரம்.

கை தேறியது அதிர்ஷ்டம். சனிக்கிழமைக்காரர் போடும் கணக்கு சராசரிக் கணக்கு. ஆறு நாள் பட்டினியை ஏழாம் நாளில் கழித்துக்கொள்கிறார். உடம்புக்கு அந்தக் கணக்குத் தெரியாது. 180 மில்லி 'குவார்ட்டர்' பிராந்தியில் ஏறக்குறைய 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. கல்லீரல் மணிக்கு ஏழிலிருந்து பத்து கிராம் வரைதான் கரைக்கும். இரண்டு குவார்ட்டர் உள்ளே போனால் மறுநாள் பகல்வரை அதற்கு ஓய்வில்லை. மோரும் எலுமிச்சம்பழமும் அதைத் துரிதப்படுத்தா.

மது நரம்புகளை அமுக்குகிறது. மூளை அதை எதிர்த்து முறுக்கேறி நிற்கிறது. மது வடிந்த பின்னும் அந்த முறுக்கு உடனே தளர்வதில்லை. ஞாயிற்றுக்கிழமை கை நடுக்கமும், காரணமில்லாத பயமும், பெண்டாட்டி பிள்ளைகள் மேல் விழும் எரிச்சலும் அதன் கைங்கரியம். இருதயமும் தாளம் தப்பும். விடுமுறை நாட்களை அடுத்து இப்படி வருகிறவர்களைக் கண்டு, 1978இல் அமெரிக்க வைத்தியர்கள் 'விடுமுறை இருதயம்' என்றே பெயர் சூட்டினார்கள். "தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்" என்று மல்லாக்கக் கிடத்தப்பட்டவன், வாந்தி மூச்சுக் குழாயில் இறங்கி எழாமலே போவதும் உண்டு.

இது கொங்கு நாட்டுக்குத் தெரியாத சங்கதியா? 1921இல் பக்கத்து ஈரோட்டில் நாகம்மையாரும் கண்ணம்மாளும் கள்ளுக்கடை முன் மறியல் செய்தார்கள். 1937இல் ராஜாஜி மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது அண்டையிலுள்ள சேலம் ஜில்லாவில்தான். 2003 முதலோ சர்க்காரே சில்லறைக் கடை வைத்து விற்கிறது. விற்கிறவரைக் கேட்கத்தான் வேண்டும். கேட்கிற வாய் சனிக்கிழமை சாயங்காலம் எங்கே இருக்கிறது?

வாசக நண்பரே, உங்கள் புட்டி சீமைச் சரக்காக இருக்கலாம். கோப்பை கண்ணாடியாக இருக்கலாம். நெசவாளியின் நரம்பும் உங்கள் நரம்பும் ஒரே நூல்தான். அவர் வீட்டில் தறியைப் பார்த்துக்கொள்ள ஓர் அம்மாள் இருந்தாள். உங்கள் வீட்டிலும் ஒருத்தி இருக்கிறாள். சனிக்கிழமை இரவு அவள் முகத்தை ஒரு தடவை நிமிர்ந்து பாருங்கள்.