ஒற்றியெடுக்க ஒரு விசை

தாம்பரம் தொடர்வண்டி நிலையத்தை அடுத்த தட்டச்சுக் கடை ஒன்றில், திட்டக்கட்டுரையின் கடைசி இயலை அடித்துக் கொண்டிருந்தார் நம் முதுகலை மாணவி ஒருவர். இடையில் ஆங்கில நூற்பெயர் ஒன்றை அடித்துவிட்டு, மீண்டும் தமிழுக்குத் திரும்ப வழக்கம்போல் ஆல்ட் விசையோடு 2-ஐ அழுத்தினார். அச்செடுக்க வந்த வேறொருவருக்காகக் கடைக்காரர் தமிழ் எழுதியை அதற்குள் மூடிவிட்டிருந்தார். அது மாணவிக்குத் தெரியாது. அந்தக் கணினியில் இருந்த பழைய வேர்டு மென்பொருளுக்கு ஆல்ட் 2 என்றால், மேற்பட்டையில் இரண்டாவதாக நிற்கும் 'செய்ததை நீக்கு' என்று பொருள். மொழி மாறவில்லையே என்று அவர் ஐந்தாறு முறை அழுத்த, ஒவ்வோர் அழுத்தத்திற்கும் பத்தியில் ஒரு பகுதி போயிற்று. பிறகு ஓர் எழுத்தை அடித்துப் பார்த்தார். அத்தோடு மீட்கும் வழியும் அடைபட்டது. "நான் ஒன்றையும் அழிக்கவில்லை ஐயா, தமிழுக்குத்தான் மாற்றினேன்" என்று மறுநாள் அவர் சொன்னபோது, நமக்குச் சினம் வந்தது அவர்மீதன்று.

விசையின் வேலையை மாற்றியமைப்பது தமிழருக்குப் புதிதன்று. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவில் வாழ்ந்த ஆர். முத்தையா, தமிழ்த் தட்டச்சுப்பொறிக்கு விசைப்பலகை வகுத்தபோது, அடித்தாலும் உருளை நகராத விசைகளை அமைத்தார். புள்ளியை முதலில் அடித்து, அதே இடத்தில் மெய்யை அடிக்க வேண்டும். 247 எழுத்துகளை ஆங்கிலத்திற்கென்று வார்த்த பொறிக்குள் இறக்க அவர் கண்ட வழி அது. குரோம்பேட்டையிலும் பல்லாவரத்திலும் தட்டச்சுப் பயிலகங்களில் விரல் பழகிய தலைமுறை அதைத்தான் கற்றது.

1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழிணையம் 99 மாநாட்டின் பயனாகத் தமிழ்99 விசைப்பலகை வந்தது; தமிழக அரசும் அதை ஏற்றது. உயிரெழுத்துகள் இடக்கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கு. 'க' விசையை இருமுறை தட்டினால் முதலெழுத்துக்குப் புள்ளி தானே விழும். 'ங' தட்டி 'க' தட்டினாலும் அப்படியே. இன எழுத்து என்று நாம் வகுப்பில் சொல்லிக் கொடுக்கும் இலக்கணம் விரல்நுனியில் வேலை செய்வதை மாணவருக்குக் காட்டுவதில் நமக்குத் தனி மகிழ்ச்சி உண்டு.

அதே பலகையில் இன்னொரு வேடிக்கை. ஆங்கில 'ஏ' விசையில் 'அ' இருக்கிறது. கண்ட்ரோலோடு அதை அழுத்தினால் அனைத்தும் தேர்வாகும். 'சி' விசையில் 'ஒ': ஒற்றியெடு. 'வி' விசையில் 'வ': வை. யாரும் திட்டமிட்டதன்று, தற்செயல்தான். ஆனால் இந்த மூன்றையும் சொல்லிக் கொடுத்தபின் எம் மாணவர் எவரும் மறந்ததில்லை. ('இசட்' விசையில் 'ஔ' இருக்கிறது. அதற்கு ஒன்றும் பொருந்தவில்லை. ஔவையார் பொறுத்தருள்க.)

இந்தக் குறுக்குவழிகள் தமிழ்ப் பலகையிலும் வேலை செய்ய வேண்டுமானால், கணினி எழுத்தையும் விசையையும் பிரித்தறிய வேண்டும். விண்டோஸில் ஒவ்வொரு விசைக்கும் எழுத்துக்கு அப்பாற்பட்ட ஓர் எண் உண்டு. எழுத்து 'ஒ' ஆனாலும் விசை 'சி' ஆகவே நிற்கும், நகலெடுப்பது கெடாது. மாக் கணினியிலும் கமாண்டு விசையைப் பிடித்தால் இலத்தீன் எழுத்தாகவே கொள்ளும் ஏற்பாடு உண்டு. லினக்ஸில் சற்று விழிப்பு வேண்டும். அங்கே பல செயலிகள் விசை தரும் எழுத்தைப் பார்க்கின்றன. அது இலத்தீன் அல்லாவிடில் பட்டியலிலுள்ள வேறு பலகையில் தேடுகின்றன. தமிழ்ப் பலகை ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டால் தேட இடமில்லை, கண்ட்ரோல் சி ஊமையாகிவிடும். ஆங்கிலத்தை முதலிலும் தமிழை இரண்டாவதாகவும் வைத்தால் தீர்ந்தது. தமிழ்ப் பற்றினால் ஆங்கிலப் பலகையை நீக்கிவிட்டுப் பிறகு கணினியை வைதவர்களை நாம் அறிவோம். அவர்களுள் நாமும் ஒருவர்.

ஆக, எழுத்து மாறுவதால் வரும் இடர் பெரும்பாலும் தீர்ந்த ஒன்று. தீராதது மொழிமாற்றும் விசை. 2000-களில் இ-கலப்பையும் பின்னர் என்.எச்.எம். ரைட்டரும் விலையின்றி வந்து தமிழை வீடுதோறும் சேர்த்தன. அந்த நன்றி என்றும் உண்டு. ஆனால் அவை பழக்கிய ஆல்ட் எண் கூட்டு, பிற செயலிகளும் உரிமை கோரும் இடம். எழுதி இயங்காத வேளையில் அந்த அழுத்தம் வேறொருவர் வீட்டுக் கதவைத் தட்டுகிறது.

நம் கருத்து இது: கண்ட்ரோலையும் ஆல்ட்டையும் செயலிகளுக்கே விட்டுவிட்டு, மொழிமாற்றத்தைக் கேப்ஸ் லாக் விசைக்குத் தருவோம். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவே இல்லை. கிரந்த எழுத்துகளுக்கு ஷிஃப்ட் போதும். இடச்சுண்டுவிரலுக்கு எட்டும் நல்ல இடத்தில், நமக்குப் பயனற்ற விசை ஒன்று வாளா கிடக்கிறது. மாக்கிலும் லினக்ஸிலும் இதற்கான தெரிவு அமைப்புகளிலேயே உண்டு. விண்டோஸில், ஒரு விசைக்கு வேறு விசைகளின் வேலையைத் தரும் பவர்டாய்ஸ் இலவசமாகக் கிடைக்கிறது.

பொதுக் கணினியில் ஒருவர் மாற்றி வைப்பது அடுத்தவருக்கு இடறாகுமே என்று துறை நண்பர் மறுத்தார். நேர்மையான மறுப்பு. அதனால்தான் ஆளுக்கொரு விதமாக மாற்றாமல், துறைக் கணினிகள் அனைத்திலும் ஒரே மாற்றத்தைச் செய்து, ஒவ்வொரு பலகையின் தலையிலும் தாள் துண்டு ஒட்டியிருக்கிறோம். தட்டச்சுக் கடைக்காரரிடமும் கேட்டுப் பார்த்தோம். மறுத்துவிட்டார், அவர் நாள் முழுதும் அடிப்பவை ஆங்கில விண்ணப்பங்கள், அவற்றுக்குப் பெரிய எழுத்து வேண்டுமாம். நம் மாணவி அந்த இயலை மறுபடி அடித்து முடிக்க இரண்டு மாலைகள் ஆயின.