நீல ஒளி கண்டார்க்கு உரியது யாது?

மின்விளக்கு என்றவுடன் எடிசன் பெயரை மொழியாத மாணவர் இலர். ஆயின் அவர் பெயரால் வழங்கும் இழைவிளக்கு இன்று பெரும்பாலான இல்லங்களினின்றும் விடைபெற்றுவிட்டது. நம் விடுதி அறைகளிலும் வீதிகளிலும் எரிவது எல்.இ.டி. விளக்கே. எரிவது என்பதும் வழக்குப் பற்றிய சொல்லே. அதனுள் எரிவது யாதுமில்லை. இவ்விளக்கை இயல்வதாக்கியவருள் ஒருவராகிய ஷூஜி நகமுரா என்பார் பெயரை எம்முடன் பயில்வாருள் அறிந்தார் மிகச் சிலர். 2014-ஆம் ஆண்டில் இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ என்னும் இருவரோடு பௌதிகத்துக்குரிய நோபெல் பரிசை அவர் பெற்றார். அப்பரிசுக்கு முன்னர் அவர்பால் உலகம் நடந்துகொண்ட முறையைப் பற்றியே ஈண்டுச் சில கூற விரும்புகின்றோம்.

பொருளைச் சூடேற்றி ஒளி பெறுதல் பழைய முறை. டையோடு என்னும் சிறு படிகத்திலோ, மின்னணு மிகுந்த பகுதியும் குறைந்த பகுதியும் ஒட்டி நிற்கின்றன. அவை கூடும் எல்லையில் மின்னணு தன் ஆற்றலை ஒளியாக உகுக்கின்றது. அவ்வாற்றலின் அளவே ஒளியின் நிறத்தை வரையறுப்பது. செந்நிறத்துக்குச் சிறிது ஆற்றல் போதும். 1962-லேயே நிக் ஹோலோனியாக் என்னும் அமெரிக்கர் கண்ணாற் காணத்தக்க செவ்வொளியைப் பிறப்பித்துக் காட்டினார். பச்சையும் பின்னர் வந்தது. நீலத்துக்கு வேண்டும் ஆற்றல் மிகுதி. அதற்கேற்ற நல்ல படிகம் வாய்த்திலது. நீலம் இன்றேல் வெள்ளொளி இல்லை. வெள்ளொளி இன்றேல் இக்கருவி பொறிகளின் முகப்பில் சிறு புள்ளியாய் மினுக்குவதோடு ஒழியும். செல்வமும் அறிஞர் கூட்டமும் நிறைந்த பெருநிறுவனங்கள் பல்லாண்டு முயன்றும் ஒளி மிக்க நீலம் கைகூடவில்லை.

நகமுரா 1954-ஆம் ஆண்டில் ஜப்பானின் ஷிக்கோக்குத் தீவில் பிறந்தவர். தொக்குஷிமா சர்வகலாசாலையில் பயின்று, 1979-ல் அனான் என்னும் ஊரிலிருந்த நிச்சியா என்னும் இரசாயன நிறுவனத்தில் அமர்ந்தார். தொலைக்காட்சிக் குழாய்களுக்கும் விளக்குகளுக்கும் வேண்டிய ஒளிர்பொடி செய்து விற்பது அந்நிறுவனத்தின் தொழில். பத்தாண்டுக்காலம் அவர் பல படிகங்களை ஆக்கினார்; அவை வாணிகத்தில் பெரும்பயன் தரவில்லை. உலையும் குழாயும் தாமே ஒட்டிப் பொருத்திப் பணிபுரிந்தார். குழாய் வெடித்த நாள்களும் உண்டு. இப்பத்தாண்டுகளை வீணென்று கூறுவார் உளர். அங்ஙனம் கூறுதல் தவறென்பது பின்னர் விளங்கும்.

1988-ல் அவர் நிறுவனத்தின் தலைவரான நோபுவோ ஒகாவாவிடம் சென்று, நீல ஒளி காண முயல வேண்டுமென்று கேட்டார். முதியவரான ஒகாவா இசைந்தார். ஏறத்தாழ 50 கோடி யென் பொருளும், அமெரிக்க நாட்டு புளோரிடா சர்வகலாசாலையில் ஓராண்டு பயிலும் வாய்ப்பும் கிடைத்தன. சிறிய நிறுவனத்துக்கு அஃது அரும்பெருந்தொகை. வெற்றி ஒன்றும் காட்டாத ஊழியனை நம்பி இத்துணைப் பொருளை ஈந்தவரை யாம் நகமுராவுக்கு அடுத்த நிலையில் வைத்துப் போற்றுகின்றோம்.

புளோரிடாவில் அவர் கண்டது வேறு. டாக்டர் பட்டம் இல்லை, அச்சேறிய ஆய்வுரையும் இல்லை என்பது தெரிந்ததும், தம்மை ஆராய்ச்சியாளராக மதியாது கருவி பழுதுபார்க்கும் பணியாளராகவே நடத்தினர் என்று அவரே கூறியுள்ளார். ஆண்டின் பெரும்பகுதி ஓர் உலைக்கருவியைப் பூட்டியமைப்பதிலேயே கழிந்தது. அவ்வவமதிப்பு அவரை ஒடுக்கவில்லை. கருவியின் ஒவ்வொரு குழாயையும் அறியும் வாய்ப்பாயிற்று. பட்டமும் பதிப்பும் கொண்டே ஒருவர் தகுதியை அளக்கும் துலாக்கோல் எவ்வளவு குறையுடைத்து என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. பட்டத்தை எதிர்நோக்கி நிற்கும் எம்மனோர் இதனை எழுதுவது சிலர்க்கு நகைப்பைத் தரலாம், தரினும் தருக.

தாய்நாடு மீண்டவர் எடுத்த முடிவு வியப்புக்குரியது. அந்நாள் நீல ஒளி தேடுவார் பெரும்பாலரும் துத்தநாக செலெனைடு என்னும் பொருளையே நாடினர். காலியம் நைட்ரைடு என்பதில் நல்ல படிகம் வளராதென்று பலரும் கைவிட்டிருந்தனர். அதனைத் தாங்கும் நீலக்கல் தட்டின் அணுவமைப்பு அதனோடு பொருந்தாமையால் குறைகள் மலிந்திருந்தன. நகமுரா, கூட்டம் இல்லாத வழியையே தேர்ந்தார். பெருநிறுவனங்கள் செல்லும் வழியில் தாமும் சென்றால் வென்றாலும் பிந்தியவராவோம் என்பது அவர் எண்ணம். அவ்வழியில் முன்னரே நடந்தவர் அகசாகியும் அமானோவும். 1986-ல் இடைப்படலம் ஒன்றால் நல்ல படிகம் வளர்த்தவரும், 1989-ல் மின்னணுக்கற்றை பாய்ச்சி, மின்னணுக் குறையுள்ள பகுதியை அமைத்துக் காட்டியவரும் அவர்களே. நகமுரா தனியே அனைத்தும் செய்தார் என்று கதை கட்டுவார் அவர்க்கும் நன்மை செய்கின்றிலர்.

அவர் செய்தது யாதெனின், நாடோறும் உலையைக் கழற்றி மாற்றியமைத்ததே. காலையில் குழாய்களைத் திருத்துவார். பிற்பகலில் படிகம் வளர்ப்பார். பழுதாயின் மறுநாளும் அவ்வாறே. ஓராண்டுக்கு மேல் இவ்வண்ணம் உழைத்தபின், வினைபுரியும் வாயுவைத் தட்டின்மேல் ஒரு புறத்திருந்து செலுத்தி, மற்றொரு வாயுவை மேலிருந்து விட்டு அதனைத் தட்டோடு அழுத்தி நிறுத்தும் இருவழி முறையைக் கண்டார். பத்தாண்டு ஒட்டுவேலை இவ்விடத்தே பயன் தந்தது. 1992-ல், படிகத்துள் ஒட்டிய நீர்வாயு அணுக்களே தடையென்றும், வெப்பமூட்டினால் அவை நீங்குமென்றும் விளக்கினார். 1993 நவம்பரில் அந்நிறுவனம் ஒளி மிக்க நீல விளக்கை உலகுக்கு அறிவித்தது. 1996-ல் அந்நீலத்தின்மேல் மஞ்சள் ஒளிர்பொடி பூசப்பெற்று வெள்ளொளி விற்பனைக்கு வந்தது. நிறுவனத்தின் பழைய சரக்கும் புதிய கண்டுபிடிப்பும் ஒன்றையொன்று தழுவியது இனிய காட்சியே.

இனி, எமது வழக்கின் உயிர்நிலைக்கு வருகின்றோம். ஆராய்ச்சி நடந்துகொண்டிருக்கையில் நிறுவனத்தின் தலைமை மாறியது. புதிய தலைவர், இம்முயற்சியை நிறுத்துக என்று எழுத்தால் கட்டளையிட்டதாகவும், தாம் அவ்வோலைகளைப் பொருட்படுத்தாது தொடர்ந்ததாகவும் நகமுரா கூறுகின்றார். கண்டுபிடிப்பின் உரிமைப்பதிவுக்காக அவர் பெற்ற வெகுமதி 20,000 யென். பின்னர் அவர் அமெரிக்காவில் பேராசிரியராய் அமர்ந்து, 2001-ல் வழக்குத் தொடுத்தார். 2004 ஜனவரியில் தோக்கியோ மாவட்ட நீதிமன்றம், அவர்க்குரிய பங்கு ஏறத்தாழ 6,040 கோடி யென் என்று கணக்கிட்டு, அவர் கேட்டது 2,000 கோடியே ஆதலின் அதனை அளிக்குமாறு தீர்ப்புரைத்தது. மேல்முறையீட்டில், 2005 ஜனவரியில், ஏறத்தாழ 84 கோடி யெனுக்கு உடன்பாடு ஏற்பட்டது. அவர் அதனை மனமுவந்து ஏற்கவில்லை.

நிறுவனத்தின் பக்கம் நின்று பேசுவார் கூற்றும் புறக்கணிக்கத்தக்கதன்று. பொருள் ஈந்தது நிறுவனம். தோற்றிருப்பின் இழப்பும் அதனதே. திங்கள்தோறும் சம்பளம் வாங்கியவன், வென்றபோது மட்டும் பங்கு கேட்டல் முறையோ என்பர். உடன் உழைத்த ஏனைய ஊழியர் பெயரையும் அவர் நினைப்பிப்பர். இவற்றுள் உண்மை உண்டு. ஆயினும் சம்பளம் என்பது யாதன் விலை? ஏவிய பணியைச் செய்தலின் விலை. நிறுத்துக என்று ஏவியபின்னும் நிறுத்தாமை எந்தச் சம்பளப் பட்டியலில் அடங்கும்? கீழ்ப்படிதலுக்குக் கூலி கொடுத்தவர், கீழ்ப்படியாமையின் விளைவை முழுதும் தமதென்று கொள்வது நேரிய கணக்கன்று. உலையும் கூடமும் நிறுவனத்தின் உடைமை என்பது மெய். அதனால்தான் முழுதும் நகமுராவுக்கே உரியதென்று யாமும் கூறுகின்றிலேம். முதிய ஒகாவாவின் நம்பிக்கைக்கும் பொருளுக்கும் பெரும்பங்கு உரியது. எஞ்சிய பங்கு 20,000 யென் என்பதையே யாம் ஒப்பவில்லை.

2015-ல் ஜப்பான் தன் சட்டத்தைத் திருத்தி, ஊழியர் கண்டவற்றின் உரிமை தொடக்கத்திலேயே நிறுவனத்தைச் சாருமாறு அமைத்துக்கொள்ள இடந்தந்தது. தக்க பயனை ஊழியர்க்கு அளிக்க வேண்டுமென்ற விதி அதிலும் உண்டு. அத்தக்க பயனைக் கணக்கிட அமர்வோர், தடுத்தபின்னும் தொடர்ந்த உழைப்பை எந்த நிரலில் எழுதுவர் என்பதே எமது ஐயம்.