திறமை வென்றதா? வாயில் வென்றதா?

ஊருக்குள் நுழைய ஒரே வாயில்தான் உண்டு. அவ்வாயிலும் ஒரே வணிகனுக்கு உரியது என்று வைத்துக்கொள்வோம். அவ்வணிகன் உப்பும் விற்கிறான். அவனுடையதினும் நல்ல உப்பை வண்டியேற்றிக்கொண்டு வேறொருவன் வருகிறான். அவ்வூர் மக்கள் எந்த உப்பை உண்பர் என்பதை முடிவு செய்வது உப்பின் சுவையா? வாயிலின் தாழா?

இவ்வினாவுக்கு விடை கூறப் பெரும்புலமை வேண்டியதில்லை. ஆயினும், இருபதாம் நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டில் கணினியுலகில் இதே கதை நடந்தபோது, கற்றவருள்ளும் பலர் அதனைத் 'திறமையின் வெற்றி' என்றே போற்றினர், இன்றும் போற்றுகின்றனர். அப்போற்றுரை எத்துணைப் பொய்யானது என்பதை, அமெரிக்க வழக்குமன்றத்திலேயே மெய்ப்பிக்கப்பெற்ற செய்திகளைக் கொண்டு ஈண்டு எடுத்துக்காட்ட விரும்புகின்றோம். கதைக்குரியோர் மைக்ரோசாப்டு என்னும் மென்பொருள் நிறுவனத்தார்.

அவர்கள் வாயிலைப் பெற்ற வகையை முதற்கண் காண்போம். 1981இல் ஐ.பி.எம். நிறுவனம் தன் சிறு கணினியை வெளியிட்டபோது, அதனை இயக்கும் அடிப்படை மென்பொருளாகிய இயங்குதளத்தை மைக்ரோசாப்டிடம் கேட்டது. மைக்ரோசாப்டு அதனைத் தானே ஆக்கிவிடவில்லை. சியாட்டில் நகரத்துச் சிறு நிறுவனம் ஒன்றிடமிருந்து, எல்லாம் சேர்த்து 75,000 அமெரிக்கத் தாலருக்கு வாங்கிற்று. தன் தேவைக்கேற்பத் திருத்திற்று. ஆனால், ஐ.பி.எம்.முடன் செய்த உடன்படிக்கையில் ஒன்றை மட்டும் இறுகப் பற்றிக்கொண்டது; அவ்வியங்குதளத்தைப் பிற கணினி நிறுவனங்களுக்கும் விற்கும் உரிமையே அது. கணினி செய்வோர் நூற்றுக்கணக்கில் பெருகினர்; எல்லாரும் நுழைய வேண்டிய வாயிலோ ஒருவன் கையில் நின்றது. இதனைக் கூர்த்த அறிவு என்று நாமும் ஒப்புவோம். குற்றம் இதிலில்லை, இதற்குப் பின் நேர்ந்தவற்றில்தான் உள்ளது.

வாயிலைக் காக்கும் முதற்சூழ்ச்சி உரிமத்தொகையில் புகுந்தது. ஒரு கணினி நிறுவனம் குறிப்பிட்ட வகைச் சில்லைக் கொண்டு எத்தனை கணினிகளை விற்கிறதோ, அத்தனைக்கும் மைக்ரோசாப்டுக்குத் தொகை கட்ட வேண்டும். அவற்றுள் மைக்ரோசாப்டின் இயங்குதளம் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி! டி.ஆர்.டாசு என்னும் எதிர்நிறுவன இயங்குதளத்தை இட்டு விற்க விரும்பியவன் இருவர்க்கும் பணம் கட்ட வேண்டியதாயிற்று. உண்ணாத சோற்றுக்கு விலை கொடுப்பவன் எத்தனை நாள் வேறு கடைக்குப் போவான்? அமெரிக்க அரசு தலையிட்டு இம்முறையை நிறுத்தச் செய்தது 1994இல். அதற்குள் டி.ஆர்.டாசு தளர்ந்து வீழ்ந்துவிட்டது.

இன்னொன்றையும் இங்குக் குறிக்க வேண்டும். விண்டோசு 3.1இன் வெள்ளோட்டப் பதிப்பு ஒன்றை, டி.ஆர்.டாசின் மேல் இயக்கியவர்களுக்குத் திரையில் ஒரு பிழைச்செய்தி தோன்றியது. பிழை ஏதும் நிகழ்ந்ததால் தோன்றியதன்று. அடியில் இருப்பது மாற்றான் பொருளென்று கண்டறிந்து அச்சுறுத்துமாறு எழுதப்பட்டிருந்தது. விற்பனைக்கு வந்த பதிப்பில் அக்கட்டளை செயலற்றதாக ஆக்கப்பட்டிருந்ததாயினும், ஐயம் என்னும் நச்சுவிதை அதற்குள் விழுந்துவிட்டது. இது தொடர்பான வழக்கு 2000ஆம் ஆண்டு தொடக்கத்தில் பணங்கொடுத்து முடித்துக்கொள்ளப்பட்டது.

இனித் தலையாய நிகழ்ச்சிக்கு வருவோம். 1994ஆம் ஆண்டின் இறுதியில் நெட்சுகேப்பு என்னும் இளநிறுவனம் இணையத்தைக் காண்பதற்கான உலாவியை வெளியிட்டது. ஓராண்டு ஈராண்டிலேயே இணையத்தில் உலவியவருள் பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் அதனையே கையாண்டனர். மைக்ரோசாப்டு ஏன் நடுங்கியது? உலாவி என்பது ஒரு சிறு மென்பொருள்தானே? அன்று! உலாவிக்குள்ளேயே எல்லா வேலைகளும் நடக்குமாயின், அடியில் எந்த இயங்குதளம் இருந்தால் என்ன? மதிலையே கடந்து செல்ல ஒரு வழி பிறந்தால், வாயிலுக்கு ஏது மதிப்பு? இதனைப் பிறரினும் நன்குணர்ந்தவர் பில் கேட்சு. 1995 மே 26ஆம் நாள் தம் நிறுவன மேலாளர்க்கு அவர் விடுத்த சுற்றறிக்கையில், இணையத்தைப் பேரலையாக உருவகித்து, நெட்சுகேப்பைப் புதிய எதிரியெனக் குறித்தார்.

அதன்பின் அடிமேல் அடி விழுந்தது.

முதலடி: தன் உலாவியாகிய இன்டர்நெட் எக்சுபுளோரரை விலையின்றிக் கொடுத்தது, விண்டோசுடன் பிணைத்தும் வைத்தது. அவ்வுலாவியின் கருவும் ஈன்றெடுத்ததன்று, பிறரிடம் உரிமம் பெற்றதே. உரிமம் தந்த நிறுவனத்துக்கு விற்பனையில் பங்கு தருவதாகப் பேச்சு. விலையில்லாப் பொருளின் விற்பனையில் பங்கேது? பின்னர் 1997இல் 80 இலக்கம் தாலர் கொடுத்து அக்கணக்கைத் தீர்த்தது.

இரண்டாமடி: கணினி செய்வோர்மீது விழுந்தது. 1996இல் காம்பாக்கு நிறுவனம் தான் விற்ற கணினிகளின் திரைமுகப்பிலிருந்து எக்சுபுளோரரின் சிறு படக்குறியை அகற்றி, நெட்சுகேப்பினதை வைத்தது. விண்டோசு உரிமத்தையே விலக்கிக்கொள்வோம் என்று மைக்ரோசாப்டு மடல் விடுத்தது. விண்டோசு இல்லாத கணினியை எவர் வாங்குவர்? காம்பாக்கு பணிந்தது; படக்குறி மீண்டது. அந்நாளில் உலகின் முன்னணிக் கணினி நிறுவனங்களுள் ஒன்றுக்கே இந்நிலையென்றால், சிறியோர் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

மூன்றாமடி: எதிரியாயிருந்தவரையும் வாயிலில் இடங்கொடுத்து வாங்கியது. 1996 மார்ச்சில் அமெரிக்கா ஆன்லைன் என்னும் இணைய இணைப்பு நிறுவனத்துக்கு விண்டோசின் முகப்பில் இடமளித்தது. அந்நிறுவனமும் தன் உறுப்பினர்க்கு எக்சுபுளோரரையே முதலுலாவியாக வழங்க உடன்பட்டது. அடுத்த ஆண்டு ஆகத்துத் திங்களில் ஆப்பிள் நிறுவனத்துடன் உடன்படிக்கை ஏற்பட்டது. ஆப்பிள் கணினிகளுக்கான அலுவலக மென்பொருளை நிறுத்திவிடுவோம் என்னும் மிரட்டல் அதற்கு முன்னே சென்றதை வழக்குமன்றம் பின்னர்க் கண்டறிந்தது. நலிந்து கிடந்த ஆப்பிள், தன் கணினிகளிலும் எக்சுபுளோரரையே முதலுலாவியாக வைத்தது.

நான்காமடிதான் மிகவும் நுட்பமானது; நாம் ஊன்றி எண்ண வேண்டியதும் அதுவே. சன் என்னும் நிறுவனம் யாவா என்னும் நிரல்மொழியை ஆக்கியிருந்தது. ஒருமுறை எழுதிய நிரல் எல்லாக் கணினிகளிலும் இயங்கும் என்பதே யாவாவின் உயிர். மைக்ரோசாப்டு அதனை எதிர்க்கவில்லை. உரிமம் பெற்று ஏற்றுக்கொண்டது. பிறகு, விண்டோசில் மட்டுமே இயங்கும் புதுக்கூறுகளைச் சேர்த்தது. அவ்வாறு எழுதிய நிரல் பெயரளவில் யாவா. இயல்பிலோ விண்டோசின் அடிமை. சன் நிறுவனம் 1997இல் வழக்குத் தொடுத்தது; 2001இல் 2 கோடித் தாலர் பெற்று வழக்கை முடித்துக்கொண்டது. 'தழுவு, நீட்டு, அழி' என்னும் மூன்று சொற்களில் மைக்ரோசாப்டின் மேலாளர் ஒருவரே இவ்வழியைத் தம்மிடம் கூறியதாக, இன்டெல் நிறுவனத்து அலுவலர் ஒருவர் வழக்குமன்றத்தில் சான்றுரைத்தார். பகைவன் வாளோடு வந்தால் எல்லாரும் விழித்துக்கொள்வர். தழுவ வரும் கையை எவர் தடுப்பர்?

1998 மே 18ஆம் நாள் அமெரிக்க நடுவணரசும் பல மாநிலங்களும் வழக்குத் தொடுத்தன. நடுவர் தாமசு பென்பீல்டு சாக்சன் 1999 நவம்பர் 5ஆம் நாள் தாம் கண்ட உண்மைகளை வெளியிட்டார். மைக்ரோசாப்டு தனிவல்லாண்மை கொண்டது. அவ்வல்லாண்மையைப் போட்டியை நசுக்கப் பயன்படுத்தியது. புதியன செய்வோரை அச்சுறுத்தியது என்பன அவற்றின் சாரம். 2000 சூன் 7ஆம் நாள் நிறுவனத்தை இரண்டாகப் பிளக்க ஆணையிட்டார். 2001 சூன் 28ஆம் நாள் மேல்முறையீட்டு மன்றம், வல்லாண்மையை முறையற்ற வழியில் காத்த குற்றத்தை உறுதி செய்தது. பிளக்கும் ஆணையை நீக்கிற்று. வழக்கு நடக்கையில் இதழாளரிடம் பேசிய நடுவரையும் அவ்வழக்கினின்று விலக்கிற்று. அவ்வாண்டு நவம்பரில் அரசும் நிறுவனமும் உடன்பாடு செய்துகொண்டன.

ஆம், குற்றம் உறுதியாயிற்று. ஆனால் நெட்சுகேப்பு எங்கே? தீர்ப்பு வருமுன்பே தனித்தியங்கும் ஆற்றலிழந்து, அமெரிக்கா ஆன்லைனிடம் விலைபோய்விட்டது. 2002 அளவில் எக்சுபுளோரரின் பங்கு பத்தில் ஒன்பதைத் தாண்டிற்று. பிணத்துக்கு மருந்து கொடுத்த கதைதான். ஐரோப்பிய ஒன்றியம் 2004இல் இசைப்படக் கருவியைப் பிணைத்தமைக்கும், எதிர்நிறுவனத்தார்க்கு வேண்டிய இணைப்புச் செய்திகளை மறைத்தமைக்கும் 49.7 கோடி யூரோவும், 2013இல் உலாவியைத் தேர்ந்துகொள்ளும் திரையைக் காட்டத் தவறியமைக்கு 56.1 கோடி யூரோவும் தண்டம் விதித்தது. ஆண்டுதோறும் பல்லாயிரங் கோடி ஈட்டுவோர்க்கு, இத்தண்டமும் வாயிலைக் காக்கும் செலவுக் கணக்கில் ஒரு வரிதானே?

"விலையின்றிக் கிடைத்ததே, மக்களுக்கு என்ன இழப்பு?" என்று கேட்போர் உளர். எக்சுபுளோரர் பின்னைய பதிப்புகளில் நேர்த்தியுற்றது உண்மை. நெட்சுகேப்பும் தன் பங்குக்குப் பிழைகள் செய்தது உண்மை. ஆனால் எதிரி இருந்தவரைதான் அந்நேர்த்தி! 2001இல் ஆறாம் பதிப்பு வந்தது. ஏழாம் பதிப்பு வந்ததோ 2006இல். ஆண்டுக்கொரு பதிப்பு விட்டவர்கள் ஐந்தாண்டு உறங்கினர். எழுப்பியது எது? நெட்சுகேப்பு இறக்குமுன் 1998இல் தன் மூலநிரலை உலகோர்க்குத் திறந்துவிட்டுச் சென்றது. அவ்விதையில் முளைத்த பயர்பாக்சு 2004இல் வெளிவந்த பின்னரே அவ்வுறக்கம் கலைந்தது. விலையின்றிக் கிடைத்த உலாவிக்கு நாம் கொடுத்த விலை அந்த ஐந்தாண்டு.

வாயிலோன் மாறலாம், வாயில் மாறுவதில்லை. எக்சுபுளோரர் 2022இல் ஓய்வு பெற்றது. கூகுள் நிறுவனம் தேடற்பொறியில் முறையற்ற வல்லாண்மை செலுத்தியதென 2024 ஆகத்தில் அமெரிக்க நடுவர் ஒருவர் தீர்ப்பளித்தார். தன் தேடற்பொறியே முதலில் நிற்பதற்காக 2022ஆம் ஆண்டில் ஆப்பிளுக்கு மட்டும் அது கொடுத்தது 2,000 கோடித் தாலர்! தன் பொருள் திறமையாலேயே விற்கும் என்று முழுதும் நம்புகிறவன், வாயிற்படிக்கு இத்துணை வாடகை கொடுப்பானா?

இது தொலைநாட்டுக் கதையென்று தமிழன்பர்கள் கருதிவிட வேண்டா. 1990களில் தமிழெழுத்துருக்களை விற்றோர் ஒவ்வொருவரும் தத்தமக்குத் தோன்றிய குறியேற்றத்தை வைத்துக்கொண்டதை நம்மிற் பலர் பட்டறிந்துள்ளோம். ஓர் எழுத்துருவில் அடித்த கட்டுரை மற்றொன்றில் பொருளற்ற குறிகளாய்ச் சிதறும். எழுத்து நம்முடையது, திறவுகோலோ விற்றவனுடையது. 1999இல் சென்னையில் தமிழிணைய மாநாட்டையொட்டி அரசு பொதுக் குறியேற்றத்தையும் விசைப்பலகையையும் அறிவித்தது. பின்னர் ஒருங்குறி பரவியது. அப்பூட்டு அவ்வாறு நெகிழ்ந்தது. அதனை நெகிழ்த்தியது சிறந்ததோர் எழுத்துருவன்று, பொதுநெறி.

அதுவே இவ்வரலாறு புகட்டும் பாடம். வல்லவனை வழக்குமன்றத்தில் வெல்வது நன்று. ஆனால் அவ்வெற்றி காலங்கடந்தே வரும். வாயில் ஒருவனுக்கு உரிமையாகுமுன் அதனைப் பொதுவாக்குவதே அறம், அதுவே அறிவும். அரசு அலுவலகங்களும் பள்ளிகளும் தம் ஆவணங்களை ஒரு நிறுவனத்தின் மென்பொருளால் மட்டுமே திறக்கவல்ல வடிவில் வைத்தலாகாது. 2006இலேயே உலகச் செந்தர அமைப்பு ஏற்றுக்கொண்ட திறந்த ஆவண வடிவம் எவர்க்கும் விலையின்றிக் கிடைக்கின்றது. நம் நூல்களையும் இதழ்களையும் கணினியில் ஏற்றிச் சேர்த்துவைக்கும் அன்பர்களும் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளட்டும்: "இம்மென்பொருள் நாளை இல்லாமற் போனால், என் எழுத்து எனக்குத் திறக்குமா?"

திறக்கும் என்றால் பயன்படுத்துங்கள். திறவாதெனின், அது விலையின்றிக் கிடைத்தாலும், வாங்காதீர்கள்!