படிக்காவிட்டால் பட்டறைக்குத்தானா?

ஆசிரியர்களாகிய நம்மில் பலர் வகுப்பில் சொல்லும் வசனம் ஒன்று உண்டு. "ஒழுங்காகப் படி. இல்லையென்றால் பட்டறையில் கறுப்பு எண்ணெயோடுதான் காலம் தள்ளுவாய்." நானும் சொல்லியிருக்கிறேன். பயிற்சி முடித்துப் பணியில் சேர்ந்த முதல் சில ஆண்டுகளில் அடிக்கடியே சொல்லியிருக்கிறேன். அந்த வசனத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவே இன்று எழுதுகிறேன். காரணம், என் பழைய மகிழுந்தின் மீட்டர்.

சில மாதங்களுக்கு முன்பு, பள்ளி முடிந்து வீடு திரும்பும் வழியில் வேகம் காட்டும் முள் திடீரென்று சுழியத்துக்கு விழுந்தது. கூடவே எரிபொருள் முள்ளும் படுத்துக்கொண்டது. வண்டி என்னவோ வழக்கம்போல் ஓடியது. முகப்புப் பலகையைக் கையால் தட்டினேன், இரண்டும் எழுந்தன. அடுத்த மேடு பள்ளத்தில் மீண்டும் விழுந்தன. காலையில் இந்தத் தொல்லையே இல்லை. ஒரு பட்டறையில் காட்டியபோது, மீட்டரை முழுதாக மாற்ற வேண்டும் என்றார்கள். சொன்ன விலையைக் கேட்டுப் பேசாமல் திரும்பிவிட்டேன்.

அந்த வாரம் ஒரு திருமண விருந்தில் முன்னாள் மாணவர் ஒருவரைச் சந்தித்தேன். இப்போது வாகன மின்வேலை செய்கிறார். பேச்சுவாக்கில் மீட்டர் கதையைச் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்விதான்.

"சார், ரெண்டு முள்ளும் ஒன்னாவா விழுது?"

ஆம் என்றேன். "அப்படின்னா மீட்டர் நல்லாத்தான் இருக்கும் சார். பின்னாடி ஊசிங்க நிக்கிற இடத்துல பற்று விட்டிருக்கும். கழட்டிப் பாருங்க."

வீட்டுக்கு வந்த பிறகுதான் அக்கேள்வியின் ஆழம் புரிந்தது. வேகத்தை அறியும் உணரி கியர்ப் பெட்டியில் இருக்கிறது. எரிபொருளை அளக்கும் மிதவையோ பின்னால் தொட்டிக்குள் இருக்கிறது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டும் ஒரே நொடியில் கெட்டுப்போவது அரிது. ஆகவே, இரண்டுக்கும் பொதுவான ஓரிடத்தில்தான் கோளாறு இருக்க வேண்டும். மீட்டருக்குள் மின்சாரம் நுழையும் இடமும் தரையிணைப்பும்தான் அந்தப் பொது இடம். தட்டினால் எழுகிறது என்பதால் பாகம் சாகவில்லை, தொடுப்புத்தான் தளர்ந்திருக்கிறது. வெயிலில் நின்ற வண்டியில் மட்டும் வருகிறது என்பதால் சூட்டில் ஏதோ விரிந்து விலகுகிறது.

நம் அறிவியல் பாடத்திட்டத்தில் பன்னிரண்டு செயற்பாங்குத் திறன்களைப் பட்டியலிட்டிருக்கிறோம். உற்றறிதல், ஊகித்தல், கருதுகோள் உருவாக்குதல் எல்லாம் அதில் உண்டு. 2021இல் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு நிறுத்தப்படும்வரை, அவற்றைக் கேள்வித்தாளுக்காக மனனம் செய்ய வைத்தவன் நான். அந்தத் தேர்வில் தோற்ற ஒருவர் சோற்றைப் பிசைந்துகொண்டே அத்தனையையும் செய்து காட்டிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் படிவத்தில் பயிலும் என் மகனோடு வேலையில் இறங்கினேன். முதலில் மின்கலத்தின் எதிர்முனையைக் கழற்றினோம். (காற்றுப்பை உள்ள வண்டியென்றால் அதன் பிறகு சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டும், எங்கள் வண்டியில் அது இல்லை.) சட்டத்தின் திருகாணிகளை நீக்கி, பின்புறச் செருகிகளின் கொக்கியை அழுத்தி, மீட்டரை வெளியே எடுத்தோம். முட்களைத் தொடவே கூடாது. பிடுங்கி மீண்டும் பொருத்தினால் அளவு பிசகிவிடும். உருப்பெருக்கிக் கண்ணாடியில் மகன்தான் முதலில் கண்டான். செருகி ஊசிகள் இரண்டைச் சுற்றி, பற்றாசில் மயிரிழை போன்ற கரிய வளையம். பல ஆண்டு வெயிலில் விரிந்தும் இரவில் சுருங்கியும், குலுக்கலில் ஆடியும் வந்த வெடிப்பு அது. சூட்டுக்கோலை ஓரிரு நொடி வைத்துப் புதிய பற்றாசைச் சிறிது ஊட்டினால் வளையம் மறைந்துவிடுகிறது. ஈயம் கலந்த பற்றாசு 183 பாகை செல்சியசிலேயே உருகத் தொடங்கும். புகையை முகராமல் சன்னலைத் திறந்து வைக்க வேண்டும். முடிந்ததும் கையைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். என் ஆள்காட்டி விரலில் ஒரு கொப்புளம். அது அனுபவக் கட்டணம்.

எல்லாவற்றையும் பூட்டிய பிறகு மேசையில் ஒரு சிறு விளக்கு மிஞ்சியிருந்தது! மீண்டும் கழற்றினோம். நல்ல வேளை, அது எண்ணெய் அழுத்த எச்சரிக்கை விளக்கு. சாவியைத் திருப்பியதும், இயந்திரம் முடுங்குவதற்கு முன் எச்சரிக்கை விளக்குகள் எரிகின்றனவா என்று பெற்றோர் தத்தம் வண்டியில் பார்த்துக்கொள்வது நல்லது. எரியாத எண்ணெய் விளக்கு, எண்ணெய் வற்றினாலும் எரியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெட்டுவண்டிக் கடையில் பழைய மீட்டர் மலிவாகக் கிடைக்கும்தான். ஆனால் பல வண்டிகளில் ஓடிய தூரம் மீட்டருக்குள்ளேயே பதிவாகியிருக்கும். வேறொரு வண்டியின் கணக்கு நம் வண்டியில் வந்து அமரும். அதை மறைத்து விற்பது பிறரை ஏமாற்றுவதாகும். பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பழுதுபார்க்கும்போது இதையும் பேசிவிடலாம்.

எல்லாரும் மகிழுந்தைப் பிரித்துப் போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. தடைக்கருவி போன்றவற்றைத் தெரிந்தவரிடமே விட வேண்டும். என் வழக்கு வேறு. கைவேலையை மூளையில்லாதவரின் தண்டனையாகப் பிள்ளைகளிடம் காட்டுகிறோம். என் மகன் தொழிற்கல்லூரிக்கு விண்ணப்பிக்கட்டுமா என்று கேட்டு ஓராண்டு ஆகிறது. "பார்க்கலாம்" என்று இழுத்தடித்தேன். உறவினர் என்ன நினைப்பார்கள் என்ற அச்சத்தைத் தவிர என்னிடம் வேறு காரணம் இருந்ததில்லை. சென்ற வாரம் படிவத்தை நிரப்பினோம்.

மீட்டர் சரியானதைச் சொல்ல அந்த முன்னாள் மாணவரைக் கைப்பேசியில் அழைத்தேன். பழைய வசனத்தை அவரிடமும் சொல்லியிருக்கிறேனா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். சிரித்தார். "சொல்லியிருக்கீங்க சார். ரெண்டு மூனு தடவை." பிறகு அவரே பேச்சை மாற்றினார். அடுத்த ஆண்டு அவருடைய மகள் நம் பள்ளியில் முதலாம் ஆண்டில் சேர்கிறாளாம்.

"கொஞ்சம் பார்த்துக்குங்க சார். வீட்டுல இருக்கிற எல்லாத்தையும் கழட்டிப் போடுறா."