கணக்கேட்டில் ஒரு வரி

வரலாற்றுப் புதினம் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது என்ன? குதிரைக் குளம்பொலி, கோட்டை, சுரங்கப்பாதை, மாறுவேடம் பூண்ட இளவரசன். வார இதழ்களில் தொடராக வந்து தமிழ் மக்களைப் பல்லாண்டுகள் கட்டிப்போட்ட கதைகள் அவை. அவற்றைப் பழிப்பது நம் நோக்கமன்று. ஆனால், அந்தக் குதிரைக்குப் புல் அறுத்தவன் யார், அந்தக் கோட்டைக்குக் கல் சுமந்தவள் யார் என்று அவை பெரும்பாலும் கேட்டதில்லை. அந்தக் கேள்வியையே தம் எழுத்தின் உயிராகக் கொண்ட ஒரு கறுப்பினப் பெண்மணியைப் பற்றி இம்மாதம் எழுதுகிறோம். அவர் பெயர் மரீஸ் கோந்தே.

கரீபியக் கடலிலுள்ள குவாதலூப் தீவில் 1934-இல் பிறந்தவர். எட்டுப் பிள்ளைகளில் கடைக்குட்டி. தாயார் பள்ளி ஆசிரியை. பதினாறு வயதில் பாரிசுக்குப் படிக்கச் சென்றார். பின்னர் கினி, கானா, செனகல் ஆகிய ஆப்பிரிக்க நாடுகளில் வாழ்ந்தார். முதல் புதினம் 1976-இல் வெளிவந்தபோது நாற்பது வயதைக் கடந்திருந்தார். 2018-இல் நோபல் இலக்கியப் பரிசு நிறுத்திவைக்கப்பட்டபோது, அதற்கு மாற்றாகச் சுவீடனில் ஏற்படுத்தப்பட்ட பரிசு இவருக்கே கிடைத்தது. 2024 ஏப்ரல் 2-ஆம் நாள் தமது தொண்ணூறாம் வயதில் மறைந்தார்.

இவர் பிறந்த தீவின் கதை கரும்பின் கதை. பிரெஞ்சுக்காரர் 1635-இல் அத்தீவைப் பிடித்தனர். ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட மக்களைக் கொண்டு சர்க்கரை விளைவித்தனர். 1685-இல் பிரெஞ்சு மன்னன் பிறப்பித்த ‘கறுப்புச் சட்டம்’ அடிமைகளை அசையும் சொத்து என்றே வகுத்தது. நாற்காலியும் மேசையும் எப்படியோ அப்படி மனிதனும்! பிரெஞ்சுப் புரட்சியின் விளைவாக 1794-இல் அடிமை முறை ஒழிந்தது. ஆனால் 1802-இல் நெப்போலியன் படை அனுப்பி அதை மீண்டும் நிலைநாட்டினான். பணிய மறுத்த லூயி தெல்கிரெஸ் என்னும் வீரர், ஏறத்தாழ முந்நூறு தோழர்களுடன் மத்தூபா என்னுமிடத்தில் வெடிமருந்துக்குத் தாமே தீயிட்டு மாண்டார். இறுதி விடுதலை 1848-இல்தான் வந்தது. அப்போதும் இழப்பீடு யாருக்குக் கிடைத்தது? ஆட்களை இழந்த முதலாளிகளுக்கு! வாழ்வையே இழந்தவர்களுக்கு ஒரு காசும் இல்லை. அதுவரை குடும்பப் பெயர்கூட இல்லாமல் இருந்தவர்களுக்கு, பதிவு அலுவலர்கள் வாயில் வந்த பெயரை எழுதிக் கொடுத்தார்கள்.

இத்தகைய மண்ணில் பிறந்தும், சிறுமியாயிருந்தபோது கோந்தேக்கு இவற்றில் ஒன்றும் தெரியாது. வசதியும் கல்வியும் பெற்ற பெற்றோர், பிரெஞ்சுப் பண்பாட்டில் பெருமை கொண்டவர்கள். அடிமை முறை பற்றி வீட்டில் வாய் திறந்ததில்லை. பாரிசில் பள்ளி மாணவியாய் இருந்தபோது, பக்கத்துத் தீவான மார்த்தினிக்கின் கரும்புத் தொழிலாளர் வாழ்வைப் பற்றி ஜோசப் ஜோபெல் எழுதிய புதினம் ஒன்று அவர் கையில் கிடைத்தது. தம் முன்னோர் யார் என்பதை அவர் ஒரு கதைப் புத்தகத்தின் வழியாகத்தான் அறிந்தார். பாடநூல் மறைத்ததைப் புதினம் சொன்னது. இதை நாம் மனத்தில் இருத்த வேண்டும்.

1986-இல் அவர் எழுதிய புதினத்தின் நாயகி தித்துபா. இவள் கற்பனைப் பாத்திரம் அல்லள். அமெரிக்காவில் மாசாசூசெட்ஸ் பகுதியிலும் ஒரு சேலம் உண்டு. அங்கே 1692-இல் சூனியக்காரிகள் என்று குற்றஞ்சாட்டிப் பத்தொன்பது பேரைத் தூக்கிலிட்டார்கள். முதன்முதலில் பிடிபட்டவர்களில் ஒருத்தி, பாதிரியார் சாமுவேல் பாரிஸ் என்பவரின் வீட்டு அடிமை தித்துபா. விசாரணையில் அவள் சொன்னதை எழுதி வைத்தார்கள். பிறகு சிறையில் கிடந்தாள். சிறைச் செலவை யாரோ கட்டி அவளை அழைத்துச் சென்றார்கள். அத்துடன் ஆவணம் முடிகிறது. அவள் எங்கே போனாள், எப்படி இறந்தாள் என்று குறித்து வைக்க எவருக்கும் தோன்றவில்லை. அடிமைதானே!

கோந்தே அந்த இடைவெளியில்தான் பேனாவை வைத்தார். தித்துபாவுக்கு ஒரு தாயைத் தந்தார். பார்படோஸ் தீவில் ஒரு குழந்தைப் பருவத்தைத் தந்தார். காதலையும் கோபத்தையும் தந்தார். ஊருக்குத் திரும்பி அடிமைகளின் கிளர்ச்சியில் பங்கு கொண்டு தூக்குமேடை ஏறும் ஒரு முடிவையும் தந்தார்.

‘சான்று இல்லாததை எழுதலாமா?’ என்று கேட்போர் உண்டு. நேர்மையான கேள்விதான். உண்மையில், அந்தக் கால ஆவணங்கள் தித்துபாவை ‘இந்தியள்’, அதாவது அமெரிக்கப் பழங்குடிப் பெண் என்றே குறிக்கின்றன. கோந்தேயோ அவளை ஆப்பிரிக்கத் தாயின் மகளாகப் படைத்தார். ஆனால் தாம் எழுதுவது புனைவு என்பதை அவர் ஒளிக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹாதோர்ன் எழுதிய புகழ்பெற்ற கதையின் நாயகி ஹெஸ்டரையே சேலத்துச் சிறையில் தித்துபாவுக்குத் தோழியாக்கினார். இதைப் படிக்கும் எவரும் ஏமாற வழியில்லை. அதோடு இன்னொன்றையும் கேட்க வேண்டும். முதலாளியின் கணக்கேட்டையும் நீதிபதியின் குறிப்பையும் மட்டும் முழு உண்மை என்று நம்மை நம்பச் சொன்னது யார்?

தம் பாட்டியைப் பற்றியும் அவர் இவ்வாறே எழுதினார். வெள்ளையர் வீட்டில் சமையல் செய்தவர் அந்தப் பாட்டி விக்த்வார். எழுதப் படிக்கத் தெரியாதவர். பேத்தி அவரை நேரில் கண்டதில்லை. கிடைத்த சில செய்திகளைக் கொண்டு அந்த வாழ்க்கையைக் கட்டியெழுப்பி 2006-இல் நூலாக்கினார்.

தம் இனத்தார் என்பதற்காக எவரையும் அவர் தப்பவிட்டதும் இல்லை. 1984, 1985 ஆண்டுகளில் இரு பகுதிகளாக வந்த ‘செகூ’ என்னும் பெரும் புதினம், இன்றைய மாலி நாட்டிலிருந்த பம்பாரா அரசின் கதை. வெள்ளையன் மட்டுமா அடிமை வாணிபம் செய்தான்? ஆப்பிரிக்க அரசரும் பிரபுக்களும் தம் போரில் பிடித்தவர்களை அடிமைகளாக வைத்திருந்தனர், விற்றனர் என்பதையும் அந்நூல் மூடி மறைக்கவில்லை. பகைவனின் குற்றத்தை எழுதுவது எளிது. சொந்த வீட்டின் குற்றத்தை எழுதத்தான் நெஞ்சுரம் வேண்டும்.

இந்தக் கதையில் தமிழனுக்கும் இடம் உண்டு. விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் நியாயமான கூலி கேட்டார்கள். பழைய தோட்டத்துக்குத் திரும்ப மறுத்தார்கள். முதலாளிகள் என்ன செய்தார்கள்? புதுச்சேரியிலும் காரைக்காலிலும் மேஸ்திரிகளை வைத்து ஆள் பிடித்தார்கள். 1854 டிசம்பரில் முதல் கப்பல் குவாதலூப் சேர்ந்தது. 1889 வரை ஏறத்தாழ 42,000 இந்தியர் அங்கே கொண்டு செல்லப்பட்டனர். அவர்களில் தமிழர் மிகப் பலர். ஐந்தாண்டு ஒப்பந்தம் என்றார்கள். பெரும்பாலோர் ஊர் திரும்பவே இல்லை. அங்கே பிறந்த இந்தியர்களுக்குக் குடியுரிமை கேட்டு, ஆன்ரி சிதம்பரம் என்பவர் 1904-இல் தொடங்கிய போராட்டம் 1923-இல்தான் வென்றது.

இந்த வரலாற்றை நாம் எப்படிச் சொல்லப் போகிறோம்? ‘நம்மவர் பட்ட துன்பம்’ என்று மட்டும் சொன்னால் பாதி உண்மைதான். விடுதலை பெற்றவர்களின் கூலியைக் குறைக்கவே நம்மவர் கப்பலேற்றப்பட்டனர் என்பது மறு பாதி. பட்டினி கிடந்த ஒருவனைக் கொண்டு இன்னொரு பட்டினிக்காரனை அடிக்கும் தந்திரம் அது. பிழைப்புக்காக வேற்று மாநிலம் வந்து, ‘எங்கள் கூலியைக் கெடுக்க வந்தவர்கள்’ என்ற ஏச்சைக் கேட்டிருக்கும் நமக்கு இது புரியாததன்று. அந்த ஏச்சுக்கு உரியவர் யார்? வந்தவனும் அல்லன், இருந்தவனும் அல்லன். இருவரையும் மோதவிட்டு இலாபம் பார்த்தவனே. கோந்தே 1989-இல் எழுதிய குவாதலூப் கிராமப் புதினத்தில், கறுப்பின மக்களோடு இந்திய வழி வந்த குடும்பத்தாரும் தம் குரலிலேயே பேசுகிறார்கள். அடிமைகளின் வழித்தோன்றல் நம்மவருக்கு அந்த இடத்தைத் தந்தார்.

அவர்களுக்கு நாம் தந்த இடம் எது? அது கிடக்கட்டும், தமிழ் மண்ணிலேயே மனிதரை விலைக்கு விற்று எழுதிய அடிமை ஓலைகள் உண்டே. வெள்ளையர் அரசு 1843-இல் சட்டம் போட்ட பிறகும் பண்ணையடிமைத்தனம் சாதியின் பெயரால் நீடித்ததே. புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ போலத் தோட்டக் கூலிகளின் துயரைச் சொன்ன படைப்புகள் நம்மிடம் உண்டு. ஆனால் அந்த ஓலையில் பெயர் எழுதப்பட்டவளை நாயகியாக்கிய புதினங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

வாசக நண்பர்களே, நாம் அனைவரும் எழுத்தாளர்கள் அல்லர். ஆயினும் ஒரு கடமை எல்லோருக்கும் உண்டு. உங்கள் வீட்டு முதியவர் எந்த ஊரிலிருந்து, யார் பேச்சைக் கேட்டு, எந்த ஆண்டில் இரயிலேறினார்? முதல் கூலி எவ்வளவு? யார் அடித்தார்கள், யார் சோறு போட்டார்கள்? நம்மவரில் எவர் நம்மவரையே ஏய்த்தார்? அதையும் விடாமல் கேளுங்கள்; எழுதி வையுங்கள். நாம் எழுதாவிட்டால், நாளை நம் பேரர்களுக்குக் கிடைக்கப்போவது முதலாளியின் கணக்கேட்டில் ஒரு வரி மட்டுமே.